இரும்பு மூக்கு வைத்த கேபிள்

கம்ப்யூட்டருக்குப் போடும் நெட்வொர்க் கேபிள்தான் இப்போது என் மைக் செட்டுக்கும் உயிர். மேடையில் இருக்கும் அத்தனை மைக்கின் சத்தமும் அந்த ஒற்றை வயரில், நான் கூட்டிக் குறைக்கும் மிக்சர் பெட்டிக்கு வந்துவிடும். நுனியில் இருக்கும் பிளாஸ்டிக் கிளிப்தான் சொத்தை. ஒரு கல்யாணத்தில் யாரோ கால் தடுக்கி, கிளிப் உடைந்து, மண்டபமே ஊமையானது. அதன் பிறகு நுனிக்கு இரும்புக் கூடு போட்ட கேபிள் வாங்கினேன். டக்கென்று பூட்டிக்கொண்டால் வண்டி ஏறினாலும் கழலாது.

வல்லம் வடகால் தொழிற்பேட்டையில் அப்பா வேலை செய்யும் கம்பெனியின் ஆண்டு விழாவுக்கு என் செட். பழைய ஆட்களுக்குச் சால்வை போடுகிறார்கள். அப்பாவும் அதில் ஒருவர். காலையில் அவர் நாற்காலிக்கு முன் மைக் வைத்தபோது, முன்பின் தெரியாதவனுக்கு விடுவதுபோல ஒதுங்கி வழிவிட்டார். சபைக் கூச்சம் என்று நினைத்துக்கொண்டேன். டிப்ளமோ படித்தும் கம்பெனி வேலையை உதறிவிட்டு மைக் செட் போட வந்தவன் நான். அதில் அவருக்கு மனத்தாங்கல் உண்டு.

விழா நடந்த ஷெட்டின் கடைசியில் மிக்சரோடு உட்கார்ந்தேன். பேசாத மைக்குகளை ஸ்பீக்கருக்கு விடாமல் ஹெட்போனில் மட்டும் கேட்டுச் சரிபார்ப்பது என் வழக்கம். மேடையில் இருப்பவர்களோ, ஸ்பீக்கரில் வராதவரை மைக் செத்துக் கிடப்பதாகவே நினைப்பார்கள். அப்பாவின் மைக்குக்கு வந்தேன். பக்கத்திலிருந்த ஹெச்ஆர் மேடம் பிள்ளைகளைப் பற்றி விசாரித்துக்கொண்டிருந்தார்.

"ஒரே பையன் மேடம். பெங்களூர்ல கீறான். கம்ப்யூட்டர் வேலை."

குரலில் தடுமாற்றமே இல்லை. பலபேரிடம் சொல்லிப் பழகியிருக்கிறார். எனக்கு மட்டும்தான் கேட்டது. ஆனாலும் ஷெட்டே கேட்டுவிட்டதுபோல் தலையைக் குனிந்துகொண்டேன். என் கறுப்பு டீசர்ட்டும் இடுப்பில் தொங்கிய டேப்பும் எனக்கே அசிங்கமாக இருந்தன. இந்தக் கேபிள் கழன்று தொலையக் கூடாதா என்றிருந்தது. டீ வண்டி அதன்மேல் ஏறி இறங்கியது. அது அசையவில்லை.

அப்பாவின் முறை வந்தது. பதற்றத்தில் குரல் தேய்ந்திருந்தது. அப்படியே விட்டுவிடலாமா என்றுகூடத் தோன்றியது. கை கேட்கவில்லை. இரைச்சலை வெட்டி, அவர் குரலைக் கணீரென்று ஏற்றிவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் சால்வையை மடித்தபடி சொன்னார்: "கடைசி வரிசை வரிக்கும் கேட்டுச்சாம்டா. ஒரு வார்த்தகூட வுட்டுப்போவலயாம்."

என் வேலையை அவர் மெச்சிக்கொண்டது அதுதான் முதல் தடவை.

"மேடம்கிட்ட நீ சொன்னதும் கேட்டுச்சுப்பா," என்றேன்.

சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டேன். ஷெட்டில் நான் பட்ட அவமானத்தைவிட இது பெரிதாக இருந்தது. மடித்து முடித்த சால்வையை அப்பா பிரித்தார். என்னைப் பார்க்காமல், மறுபடி முதலிலிருந்து மடிக்க ஆரம்பித்தார்.