இன்னொரு பொட்டலம்

மலைமேல் வாழவந்தி நாட்டில் கண்ணாயிக்கு சி.ஐ.டி. என்று பட்டப்பெயர். முகத்துக்கு நேராக யாரும் சொன்னதில்லை. ஆனாலும் அவளுக்குத் தெரியும். யார் வைத்த பெயர், எந்த டீக்கடையில் உட்கார்ந்து வைத்தது என்பதுவரை விசாரித்து வைத்திருந்தாள்.

பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர் கிழித்துக் கொடுத்த டிக்கெட்டில் ஊர்ப்பெயரைப் படித்துவிட்டுத்தான் உட்காருவாள். ஊசி போட வரும் நர்சிடம் மருந்துப் புட்டியைக் கேட்டு வாங்கித் தேதி பார்ப்பாள். கல்யாணப் பத்திரிகை கொண்டு வந்தவர்களிடமே, "ஏனுங்க, இத்தன அவசரமா எதுக்கு வெக்கிறீங்க?" என்று கேட்டு, வந்தவர்கள் காப்பியைக் குடிக்காமல் எழுந்து போனதும் உண்டு. மிளகு வாங்க வரும் வியாபாரிகள், அவள் வாசலில் தராசை இறக்கியதும் தாங்களாகவே தட்டைத் திருப்பி அடிப்பக்கத்தைக் காட்டிவிடுவார்கள். கேட்டபிறகு காட்டினால் மரியாதை கெட்டுவிடும் என்று அவர்களுக்குத் தெரியும்.

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. முப்பது வயது நிறையுமுன் தாலி இழந்தவள். புருஷன் வேல்முருகன் செத்த வருஷமே கொழுந்தன் வரப்பைத் தள்ளிப் போட்டுப் பார்த்தான். வியாபாரி ஈர மிளகு என்று சொல்லிக் காய்ந்த மிளகை அடித்துக்கொண்டு போனான். ஆறுதல் சொல்ல வந்த ஒன்றுவிட்ட அண்ணன், போகிற போக்கில் பலாமரம் இரண்டைக் குத்தகை பேசிவிட்டுப் போனான். ஊரே சேர்ந்து அவளுக்குச் சந்தேகப்படக் கற்றுக் கொடுத்துவிட்டு, பிறகு சி.ஐ.டி. என்று பெயரும் வைத்தது.

அப்படிப்பட்டவளிடம், தனபால் மகள் அருணாவுக்காக யாக்கூப் பாய் ஊர் ஊராக ரத்தம் கேட்டுத் திரிகிறார் என்று சொன்னால் மூக்கில் வியர்க்காமல் என்ன செய்யும்?

அருணாவுக்குப் பதினாறு வயது. ரத்தப் புற்றுநோய். சேலத்தில் வைத்தியம் நடந்துகொண்டிருந்தது. மருந்து ஏற ஏற உடம்பில் ரத்தம் குறையும். திரும்பத் திரும்ப ஏற்ற வேண்டும். அவளுடையது லேசில் கிடைக்காத வகை. மலைச்சனம் மலைக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுப்பதால் அந்த வகை இங்கே சிலருக்காவது இருக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மலையடிவாரத்து முள்ளுக்குறிச்சியில் மிளகு மண்டி வைத்திருந்த யாக்கூப், ரத்த வங்கிக்காரர்களை மலைக்கே வரவழைக்கப் பேசி முடித்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடத்தில் முகாம். சனம் வந்து கையை நீட்டினால் போதும்.

யாரும் நீட்டுவதாக இல்லை. சில வருஷங்களுக்கு முன் ஆராய்ச்சி என்று யாரோ ஜீப்பில் வந்து, குப்பி குப்பியாக ரத்தம் எடுத்துக்கொண்டு போனார்கள். அதில் என்ன இருந்தது என்று ஒரு வார்த்தை திரும்பி வரவில்லை. அப்போது முதலில் சத்தம் போட்டவள் கண்ணாயிதான். "நம்ம ரத்தத்த வித்துப் போட்டானுங்க" என்று அவள் சொன்னது அரியூர் நாடுவரை போய், திரும்பி வரும்போது கிட்னி என்று வளர்ந்து வந்தது. இப்போது யாக்கூப் வந்து நின்றதும் எல்லோர் வயிற்றிலும் அந்தக் கிட்னிதான் துடித்தது.

நேரில் பார்க்காமல் எதையும் நம்பாதவள் ஒரு மத்தியானம் தனபால் வீட்டுக்குப் போனாள். அருணா தலையில் குல்லாயோடு கட்டிலில் சாய்ந்து பாடப் புத்தகம் படித்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்கண்ணு, உனக்கு நெசமாவே சீக்குத்தானா?"

அடுக்களையிலிருந்த அருணாவின் அம்மா பானுமதி பாத்திரத்தை நங்கென்று வைத்தாள். அருணாவோ சிரித்தாள். குல்லாயைக் கழற்றி, ஒரு முடிகூட இல்லாத தலையைக் காட்டினாள்.

"எல்லாரும் வந்து உச்சுக் கொட்டீட்டுப் போறாங்க அத்தை. நீங்க ஒருத்தர்தான் கேள்வி கேக்கறீங்க. கேளுங்க."

கண்ணாயி கேட்டாள். எவ்வளவு எடுப்பார்கள், எடுத்தது திரும்ப ஊறுமா, எடுப்பதையெல்லாம் உனக்குத்தான் ஏற்றுகிறார்களா?

"எனக்குச் சேராத வகையின்னா வேற யாருக்காச்சும் போவுமுங்க. எனக்கு இதுவரைக்கும் ஏத்துனதும் யாரு குடுத்ததுன்னு எனக்கே தெரியாது."

எல்லாம் எனக்குத்தான் என்று அவள் சொல்லியிருந்தால் கண்ணாயி அப்போதே எழுந்து போயிருப்பாள். ஒளிக்காமல் சொன்னது அவளைக் கொஞ்சம் உட்கார வைத்தது. பானுமதி தண்ணீர் எடுக்கப் பின்பக்கம் போனதும் அருணா குரலைத் தாழ்த்தினாள்.

"இந்தத் தடவ ரத்தம் கெடைக்கலீன்னா அடுத்த மருந்தத் தள்ளிப் போட்டுருவாங்களாம். தள்ளிப் போட்டா சீக்கு முந்திக்கும்னு டாக்டர் பேசுனதக் கேட்டுட்டேன். எனக்குப் பயமா இருக்குது அத்தை. அம்மாகிட்டச் சொல்லீராதீங்க."

கண்ணாயி "ஒண்ணும் ஆவாது சாமி" என்று சொல்ல வாயெடுத்தாள். தனக்கே நம்பிக்கையில்லாததைப் பிள்ளையிடம் எப்படிச் சொல்வது? புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு வெளியே வந்துவிட்டாள்.

சீக்கு நிஜம். சரி. ஆனால் யாக்கூப்? அடுத்த நாளே பஸ் பிடித்து முள்ளுக்குறிச்சியில் இறங்கி, மண்டிக்குள் நேராக நுழைந்தாள்.

"ஏன் பாய், இதுல உனக்கென்ன லாபம்?"

மூட்டைக்கு வாய் தைத்துக்கொண்டிருந்த யாக்கூப் நிமிர்ந்து பார்த்தார். கண்ணாயியை அவருக்குப் பல வருஷமாகத் தெரியும். புண்ணியம், தர்மம் என்று ஆரம்பித்தால் எடுபடாது என்பதும் தெரியும்.

"லாபம் இருக்குதுங்க்கா. தனபால் காட்டு மிளகு மாதிரி எனக்கு வேற எங்கயும் சிக்கறதில்ல. அந்தாளு புள்ளைய நெனச்சு ஒடிஞ்சு உக்காந்துட்டா கொடியப் பாக்கறது யாரு? எனக்குத்தான் நட்டம்."

கண்ணாயிக்கு அப்பாடா என்று இருந்தது. அதைச் சொல்லும்போது யாக்கூப்பின் கண் கலங்கியிருந்ததையும் அவள் கவனித்தாள். அதை மட்டும் கணக்கில் சேர்க்கவில்லை.

ஆனால் அவள் ஒருத்தி தெளிந்து என்ன செய்ய? வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஊர் கூடியபோது தனபால் கைகூப்பி நின்றான், யாக்கூப் விளக்கிச் சொன்னார், சனம் மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றது. பிக்கப் வண்டி ஓட்டும் ரமேஷ்குமார்தான் பேசினான். "கோயில்ல அம்மாகிட்டப் பூக் கேட்டுருவோம். வெள்ளை வந்தா எல்லாரும் குடுப்போம். செகப்பு வந்தா இந்தப் பேச்ச உட்டுருவோம்." கூட்டம் அப்பாடி என்று தலையாட்டியது. தாங்கள் முடிவு செய்ய வேண்டாமே.

எதற்கும் குறுக்குக் கேள்வி கேட்கும் கண்ணாயி அன்று வாயைத் திறக்கவில்லை. உலகத்தில் அவள் சந்தேகப்படாத ஒன்று உண்டென்றால் அது அம்மன் கோயில் பூதான். வேல்முருகன் காமாலையில் கண்ணும் உடம்பும் மஞ்சளாகிக் கிடந்தபோது, கீழே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போகலாமா என்று இதே கோயிலில்தான் பூக் கேட்டார்கள். சிவப்பு வந்தது. தூக்கிப் போகவில்லை. அவன் போய்ச் சேர்ந்தான். வரப்பை, தராசை, சொந்த அண்ணனை எல்லாம் சந்தேகப்பட்டவள் அந்தச் சிவப்புப் பூவை மட்டும் ஒருநாளும் சந்தேகப்படவில்லை. அதைச் சந்தேகப்பட்டிருந்தால் அவளால் உயிரோடு இருந்திருக்க முடியாது.

சனிக்கிழமை காலை கோயில் முன்னால் நல்ல கூட்டம். பூசாரி செல்லமுத்து கருவறைக்குப் பின்னால் போய், ஒன்றில் வெள்ளை அரளி, இன்னொன்றில் செவ்வரளி என்று இரண்டு வாழையிலைப் பொட்டலம் கட்டிக்கொண்டு வர வேண்டும். வழக்கமாகப் பூத்தட்டை எல்லோருக்கும் தெரியும்படி ஏந்திப் போகிற மனிதர் அன்று அதன்மேல் துண்டைப் போட்டிருந்தார். நெற்றி வேர்த்திருந்தது. கண்ணாயி வேண்டாம் என்று வேறு பக்கம் பார்த்தாள். பழகிய கண், சொன்னால் கேட்கிறதா?

ஒரு சிறுபிள்ளையை விட்டு எடுக்கச் சொன்னார்கள். பிரித்தால் வெள்ளை. பானுமதி அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதுவிட்டாள். பெண்கள் குலவையிடத் தொடங்கும்போது ரமேஷ்குமார் கையை உயர்த்தினான்.

"அந்த இன்னொரு பொட்டலத்தையும் பிரிங்க."

குலவை பாதியில் நின்றது. எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்காமலே ஓடையில் விடுவதுதான் வழக்கம். "அப்படிப் பிரிக்கிறதில்லயப்பா" என்றார் செல்லமுத்து. குரல் நடுங்கியது. நடுங்கியதை எல்லோரும் கேட்டார்கள். கூட்டத்தில் முணுமுணுப்பு கிளம்பியது. யாரோ சொன்னார்கள்: "கண்ணாயி பாக்கட்டும். அவ எவனுக்கும் பரிஞ்சு பேச மாட்டா."

பொட்டலம் அவள் கைக்கு வந்தது. கூட்டத்துக்கு முதுகைக் காட்டி, அம்மனைப் பார்த்து நின்று பிரித்தாள்.

வெள்ளை அரளி.

இத்தனை வருஷம் அடக்கி வைத்ததெல்லாம் தொண்டைக்கு வந்தது. அப்படியென்றால் அன்றைக்கு? அன்றைக்கு என் புருஷனுக்கு எதைக் கட்டினாய்? கத்த வேண்டும்போல் இருந்தது. கத்தினால் பூசாரியை ஊர் பிய்த்துப் போட்டுவிடும். போடட்டும். ஆனால் நாளைக்குப் பள்ளிக்கூடத்தில் ஒரு கைகூட நீளாது. எனக்குப் பயமா இருக்குது அத்தை என்று சொன்ன பிள்ளை அந்த நேரம் வீட்டில் குல்லாயோடு காத்திருந்தது.

பூவைக் கசக்கி மடியில் செருகினாள். திரும்பினாள்.

"செகப்பு."

"காட்டுங்க, நாங்களும் பாக்கறோம்" என்றான் ரமேஷ்குமார்.

"ஏன்டா, என் கண்ணு மேலயே உனக்குச் சந்தேகமா?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. ரமேஷ்குமாருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. விட்ட இடத்திலிருந்து குலவை தொடங்கியது.

ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூட வாசலைத் தாண்டி வரிசை நின்றது. கண்ணாயி உள்ளே கதவோரம் நின்றுகொண்டாள். ஒவ்வொரு ஊசி உறையும் அவள் கண்ணெதிரில்தான் பிரிக்கப்பட்டது. ரத்தம் கொடுத்தவர்களுக்கு யாக்கூப் கொடுத்த பழச்சாற்று டப்பாவிலும் தேதி பார்த்தாள். மத்தியானத்துக்குள் அருணாவின் வகை சிலருக்கு இருப்பது தெரிந்துவிட்டது. அதில் ஒருவன் ரமேஷ்குமார். முறைபோட்டுச் சேலம் வருவதாக அவர்கள் ஒப்புக்கொண்டபோது தனபால் சுவரில் தலையைச் சாய்த்து விசும்பினான். கண்ணாயி முகத்தைத் திருப்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கூட்டம் வடிந்தபிறகு அவளும் படுத்தாள். ஊசி ஏறியது. வயதாகிவிட்டது என்று திருப்பி அனுப்பப்பட்ட செல்லமுத்து, வீட்டுக்குப் போகாமல் அவள் கட்டிலுக்குப் பக்கத்து பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். நர்ஸ் எட்ட இருந்தாள்.

"ரெண்டும் வெள்ளை" என்றாள் கண்ணாயி, விட்டத்தைப் பார்த்தபடி.

அவர் தலையாட்டினார்.

"எங்கூட்டுக்காரருக்குக் கேட்டீங்களே, அன்னிக்கும் இப்புடித்தானா? ரெண்டும் செகப்பா? யாரு சொல்லிக் கட்டுனீங்க? எங்கொழுந்தனா?"

செல்லமுத்து நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அவர் கண்ணில் திருட்டுத்தனம் எதுவும் இல்லை. கண்ணாயி அதைத் தேடித்தான் பார்த்தாள்.

"இல்ல கண்ணாயி. அன்னிக்கு ஒண்ணு வெள்ளை, ஒண்ணு செகப்பு. அம்மாகிட்ட நெசமாத்தான் கேட்டேன்." துண்டின் நுனியை முறுக்கினார். "அதனாலதான் நேத்துக் கேக்கல."

கண்ணாயியின் கண்ணிலிருந்து நீர் வழிந்து காதோரம் இறங்கியது. நர்ஸ் ஓடி வந்து ஊசி குத்திய இடத்தைப் பார்த்தாள்.

"வலிக்குதாம்மா?"

"ஆமாங்க" என்றாள் கண்ணாயி.