மஞ்சள் துணி முடிச்சு

ரேஸ் சீசன் முடிந்த கையோடு வண்டியை விற்றுவிட வேண்டும். அப்போதுதான் நல்ல விலை போகும். பிறகு மழைக்காலம் வரை பொறுத்திருந்தால் வேறொரு வண்டி மலிவாகக் கிடைக்கும். அதை வாங்கிப் பிரித்துச் சேர்த்து அடுத்த சீசனுக்குத் தயார் பண்ணுவோம். பெரிய கம்பெனிகள் பின்னால் நிற்கிற ஆட்கள் இல்லை நாங்கள். மண் ட்ராக்கில் ஆசைக்கு ஓட்டுகிறவர்கள். செஞ்சியில் எனக்குச் செகண்ட் ஹேண்ட் கார் வியாபாரம் என்பதால், இந்த வாங்கல் விற்றல் எனக்குப் பழகின வேலை. பத்தாவது தாண்டாத எனக்கு இரும்பும் பெருமாளும்தான் தெரியும். அந்தப் பெருமாளை வைத்தே ஒருவன் என்னை ஏமாற்றினான்.

அவன் திண்டிவனத்துக்காரன். என்னைப் போலவே ரேஸ் ஓட்டுகிறவன், என்னை விடச் சின்னவன். சீசன் முடிந்து அவன் வெள்ளைக் காரை விற்கப் போவதாகக் கேள்விப்பட்டு, விலை கூடத்தான் என்றாலும் ஆசைப்பட்டு, என் மச்சானையும் கூட்டிக்கொண்டு பார்க்கப் போனேன். மச்சான் என் வீட்டுக்காரியின் தம்பி. ட்ராக்கில் என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வழி சொல்லுகிறவனும் அவன்தான்.

ஓட்டிப் பார்த்தேன், குறையில்லை. பானெட்டைத் திறந்தேன். முன் சக்கரத்து ஷாக் அப்சர்பரின் தலை பாடியில் வந்து உட்காரும் இடத்தில், ஒரு மஞ்சள் துணி இறுக்கமாகச் சுற்றி முடிச்சுப் போட்டிருந்தது. அதைச் சுற்றிலும் சந்தனமும் குங்குமமும் அப்பிக் கிடந்தன. என் கை அங்கே போனதுமே அவன் தடுத்தான்.

"அத மட்டும் தொடாதீங்கண்ணா. சிங்கவரம் பெருமாளுக்கு எங்கம்மா முடிஞ்சது. அடுத்த சீசன் நல்லபடியா முடிஞ்சதும் நீங்களே அவுத்து உண்டியல்ல போட்டுடுங்க."

நான் கையை எடுத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். ஒருவர் வேண்டிக்கொண்டு முடிந்த காணிக்கையை இன்னொருவர் அவிழ்ப்பாரா? எங்கள் வீட்டில் யாரும் செய்ய மாட்டார்கள். ஒவ்வொரு நட்டையும் தட்டிப் பார்க்கிற நான், அந்த ஓர் இடத்தைக் கும்பிட்டுவிட்டு வண்டியை வாங்கி வந்தேன்.

முதல் ரேஸிலேயே ஒரு வளைவில் அந்த இடம் பிய்த்துக்கொண்டது. வண்டி உருண்டது. எனக்குச் சிராய்ப்போடு போயிற்று. மச்சானுக்கு இடது தோள் நொறுங்கிவிட்டது. அவனை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு வந்து, இழுத்துப் போட்டிருந்த வண்டியின் துணியை அவிழ்த்தேன். கீழே பழைய விரிசல். மேலாக வெல்டிங் வைத்து, கோடு தெரியாமல் சந்தனம் பூசியிருந்தான். முடிச்சுக்குள் காசு இருக்கும் என்று பிரித்தால், ஒரு இரும்பு வாஷர்.

விரிசலை மறைத்ததைக் கூட வியாபாரம் என்று விட்டிருப்பேனோ என்னவோ. சாமிக்கு முடிந்ததாகச் சொல்லி வாஷரை முடிந்தவனை எப்படி விடுவது? போன் போட்டேன். ரேஸ் வண்டி என்றால் கவிழத்தான் செய்யும், பார்த்துதானே வாங்கினீங்க என்றான். அதோடு நிற்கவில்லை. ட்ராக்கில் எல்லோரிடமும், "செஞ்சிக்காரருக்கு பொட்டு வெச்சிக் குடுத்தா பொணத்தக் கூட வாங்கிப்பாரு" என்று சொல்லிச் சிரித்திருக்கிறான். நான் போகிற இடமெல்லாம் அந்தச் சிரிப்பு எனக்கு முன்னால் போய் நின்றது.

மச்சானின் கை ஒருவாறு கூடியது. ஆனால் தோளுக்கு மேல் எழும்பவில்லை. பெருமாள் முன்னால் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிடுகிறவன், இப்போது வலது கையை மட்டும் தூக்குகிறான். அதைப் பார்க்கும்போதெல்லாம் அந்தத் திண்டிவனத்துக்காரனை என்ன செய்வது என்பதைத் தவிர வேறு நினைப்பே எனக்கு வராது. துணியையும் வாஷரையும் பத்திரமாக வைத்திருந்தேன்.

அடுத்த மழைக்காலத்தில் எனக்கு ஒரு சிவப்புக் கார் கிடைத்தது. ரிட்டையர் ஆன வாத்தியார் ஒருவர் ஷெட்டிலேயே வைத்திருந்த வண்டி. நானும் மச்சானும் அதை நட்டு நட்டாகப் பிரித்துக் கட்டினோம். அந்தச் சுற்று வட்டாரத்தில் அந்த மாதிரி வண்டி இல்லை என்ற பேச்சு எழுந்தது. திண்டிவனத்துக்காரன் தன் வண்டியை வழக்கம் போல விற்றுவிட்டு, மலிவாக ஒன்று கிடைக்கும் என்று காத்திருந்து ஏமாந்து போயிருந்தான். சீசன் நெருங்கிவிட்டது, கையில் வண்டியில்லை. புரோக்கரிடம் சொல்லி அனுப்பினான். வரச் சொல் என்றேன்.

வீட்டுக்காரிக்குப் பயம் வந்துவிட்டது. சோறு போட்டுக்கொண்டே கேட்டாள்.

"பிரேக்ல எதுனா பண்ணி வெச்சிருக்கியா?"

"பெருமாள் மேல ஆணையா ஒண்ணும் இல்ல. வண்டி சுத்தம்."

"அப்ப எதுக்கு அவனக் கூப்புட்ட?"

நான் கை கழுவ எழுந்துவிட்டேன். மறுநாள் காலையில் சிங்கவரம் மலையேறினேன். செஞ்சிக் கோட்டை ராஜா போருக்கு உத்தரவு கேட்டு நின்றபோது, வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்ட பெருமாள் இவர் என்று எங்கள் ஊரில் சொல்லுவார்கள். எனக்கும் முகத்தைத் திருப்புகிறாரா என்று உற்றுப் பார்த்தேன். ஏற்கெனவே திரும்பியிருக்கிற முகம், என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. இந்த சீசன் அவன் எந்த வண்டியிலும் உட்காரக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து, அதே மஞ்சள் துணியில் ஒரு ரூபாய்க் காசை முடிந்து, சிவப்புக் காரில் அதே இடத்தில் கட்டினேன். சுற்றிலும் சந்தனம் அப்பினேன். பொய்யாக முடிய எனக்குக் கை வராது. என் வேண்டுதல் நிஜம், காசும் நிஜம்.

ரேஸ் ஓட்டுகிற சிநேகிதன் ஒருவனை உடன் கூட்டிக்கொண்டு அவன் வந்தான். சிங்கவரம் ரோடு வரை ஓட்டிவிட்டுத் திரும்பினபோது முகமெல்லாம் பல்லாக இருந்தது. விலையைக் கூடப் பேரம் பேசவில்லை. கடைசியாக பானெட்டைத் தூக்கினான். அப்படியே நின்றுவிட்டான்.

"இது இன்னாண்ணா?"

"சிங்கவரம் பெருமாளுக்கு முடிஞ்சது. சீசன் முடிஞ்சதும் நீயே அவுத்து உண்டியல்ல போட்டுடு."

அவன் துணியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். சிநேகிதனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. சாமி காரியம்தானே, அட்வான்ஸைக் கொடு என்றான். அதற்குள் மச்சான் வந்து பக்கத்தில் நின்றான். இடது கை தொங்கியபடி இருந்தது.

"வோணாம், வா போலாம்" என்றான் திண்டிவனத்துக்காரன்.

"ஏன்டா? இந்த மாதிரி வண்டி எங்க கிடைக்கும்?"

"டேய், அதுக்குக் கீழ இன்னா இருக்கும்னு எனக்குத் தெரியும்டா."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான். சிநேகிதன் அவன் பக்கம் திரும்பினான். பிறகு மெதுவாகக் கேட்டான்.

"உனக்கு எப்படித் தெரியும்? எனக்கு வித்த வண்டியிலயும் இதே மாதிரி கட்டிக் குடுத்தியே, மயிலம் முருகனுக்குன்னு."

திண்டிவனத்துக்காரன் வாசலை நோக்கி நடந்தான். நான் அவனை நிற்கச் சொன்னேன். வாங்க மாட்டேன் என்று அவன் வாயாலேயே சொல்லிவிட்டான், சீசனுக்குள் அவனுக்கு வேறு வண்டி கிடைக்கப் போவதில்லை, என் வேண்டுதல் பலித்துவிட்டது, இனி அவிழ்க்கலாம். அவன் கண் முன்னாலேயே முடிச்சை அவிழ்த்து, சந்தனத்தைத் துடைத்தேன். கீழே கம்பெனியில் வந்த இரும்பு, ஒரு கீறல் இல்லை. அவன் முகம் செத்துப் போனதை நான் நன்றாகப் பார்த்தேன். அவசரமில்லாமல் பார்த்தேன்.

"அண்ணா, நான் எடுத்துக்குறேண்ணா" என்றான்.

"உனக்கு இல்ல."

பாக்கெட்டிலிருந்து வாஷரை எடுத்து அவன் கையில் வைத்தேன். "இது உன் காணிக்கை. நீயே வெச்சிக்க" என்றேன்.

சிவப்புக் காரை அந்தச் சிநேகிதன்தான் எடுத்துக்கொண்டான். திண்டிவனத்துக்காரன் அந்த சீசன் ட்ராக்குக்குப் பார்க்கக் கூட வரவில்லை. இப்போது அவன் விற்கிற வண்டியில் பூ கட்டியிருந்தால் கூட ஆட்கள் பிய்த்துப் பார்க்கிறார்கள் என்று புரோக்கர் சொன்னார். அந்த வார்த்தையைக் கேட்ட அன்று ராத்திரி எனக்கு நல்ல தூக்கம்.

காசை உண்டியலில் போட மச்சானோடு மலையேறினேன். பக்கத்தில் நின்ற அவன் வலது கையை மட்டும் தூக்கினான். அர்ச்சகரிடம் நடந்ததை எல்லாம் சொன்னேன். அதான் பலிச்சிடுச்சே, அவனை மன்னிக்கிற மனசைப் பெருமாளிடம் கேள் என்றார். தீர்த்தம் வாங்கிக் குடித்தேன், சடாரிக்குத் தலை குனிந்தேன். அந்த மனசை மட்டும் நான் கேட்கவில்லை. கேட்டால் கொடுத்துவிடுவார்.