கதவு திறக்கிறவர்

தொண்ணூறுகளில், கனடாவில், ஸ்காபரோவில் அக்கா அத்தான் வீட்டில் இருந்தபோது, ஒரே வீடியோ கசெற்றில் ஓர் ஆங்கிலேய நடிகரைச் சேர்த்துவந்தேன். மேடையில் பேரெடுத்தவர், சினிமாவிலோ வேலைக்காரர், பாதிரியார், நீதிபதி என்று இரண்டு நிமிடம் வந்து போவார். தொலைக்காட்சியில் பழைய படம் போனால் ரிமோட்டோடு காத்திருந்து அவர் வரும் காட்சியை மட்டும் பதிவேன். இரண்டு வருட உழைப்பு. திங்கட்கிழமை கல்லூரி நாடக வகுப்பில் அதைப் போட்டு அவரைப் பற்றிப் பேச வேண்டும்.

சனிக்கிழமை கசெற்றைப் போட்டால் அக்கா மகள் பெரியபிள்ளையானதற்குச் செய்த சாமத்தியவீடு ஓடுகிறது.

"அத்தான், ஏன் இதில கொப்பி பண்ணினீங்கள்?"

"அது பழுதான கசெற் எண்டெல்லே நினைச்சன். ஒரு படமும் முழுசா இல்லை, கதாநாயகனையும் காணேல்லை."

"அந்தக் கிழவருக்காகத்தான் பதிஞ்சனான்!"

"உவரோ? உவர் கதவு திறக்கிறவரெல்லே!" என்று சிரித்தார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த மனிதர் முப்பது வருடமாக ஒவ்வொரு கதவையும் வேறு வேறு விதமாகத் திறந்தவர்.

"புதுக் கசெற் வாங்கித் தாறன், விடும்" என்றார் அத்தான்.

வெறும் கசெற்றை வைத்து என்ன செய்வது? திங்கட்கிழமை அவருடைய நடிப்பை வாயால் விவரித்தேன். இரண்டு பேர் கொட்டாவி விட்டார்கள். அந்தக் கொட்டாவிகளுக்காக அத்தானை நான் இன்னும் மன்னிக்கவில்லை.