அக்காவின் ஷியா வெண்ணெய்

பிரான்காச்சோவுக்குப் போன பேருந்தில் கானா நாட்டு அக்கா அந்தத் தகரப் பேணியை மடியில் வைத்து, மூடியை இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டிருந்தார். தொண்ணூறுகளின் நடுப்பகுதி. சிசிலியில், போர்கோ வெக்கியோ என்ற பகுதியில் அவரும் நாங்களும் ஒரே மாடியில் குடியிருந்தோம், சமையலறை பொது. பேணிக்குள் இருந்தது ஷியா வெண்ணெய். எங்கள் இலுப்பை விதை போன்ற ஒரு கொட்டையை அரைத்து, அவருடைய தங்கையும் ஊர்ப் பெண்களும் கையால் கடைந்து எடுத்தது.

அந்தக் கொட்டையைப் பற்றி அக்கா ஓயாமல் பேசுவார். மழை தொடங்கும் மாதங்களில், வயல்களில் நிற்கும் மரங்களின் கீழே பெண்கள் அதைப் பொறுக்கி, அவித்து, காயவைத்து உடைப்பார்களாம். வீட்டில் தானியம் தீர்ந்திருக்கும் அதே நேரம் பார்த்து வியாபாரி லொறியோடு வருவார். அவர் சொன்னதுதான் விலை. வெண்ணெயாக்கி நேரே விற்றால் உழைப்பின் பலன் ஊரிலேயே தங்கும். பிரான்காச்சோவில் சவர்க்காரப் பட்டறை வைத்திருந்த ஒருவர் மாதிரியைப் பார்த்து, வாங்குவாரா என்று சொல்வதாக ஒப்புக்கொண்டிருந்தார். அவருடைய பதில் வரும்வரை கானாவில் அந்தப் பெண்கள் கொட்டைகளை விற்காமல் வைத்திருந்தார்கள்.

"நீ இஞ்சை கன வருசம். அவரின்ரை பேச்சு உனக்குத்தான் விளங்கும், தம்பி. கூட வாறியோ?" என்று, எங்கள் இருவருக்கும் பொதுவான உடைந்த இத்தாலியனில் அக்கா கேட்டார். நானும் சம்மதித்தேன்.

வெண்ணெயில் புகை மணம் இருந்தது. பட்டறைக்காரர் முகம் சுளிப்பாரோ என்று எனக்குப் பயம். பட்டறைக்குப் போவதற்கு முதல் நாள், அக்கா வேலைக்குப் போயிருந்தபோது, அவரைக் கேட்காமலே அதை உருக்கினேன். முருங்கையிலைக்கு அங்கே எங்கே போவது? எலுமிச்சை இலை போட்டு வடித்தேன்.

"இஞ்சாருங்கோ, மாட்டிலை கறந்ததோ மரத்திலை காய்ச்சதோ எண்டும் பாராமல் நெய் உருக்கிறியளோ?" என்றாள் மனைவி.

ஆறிய பிறகு மூடியைத் திறந்து அவளுக்குக் காட்டினேன். "இஞ்சை பாரும், எப்பிடி மணல் மணலா உறைஞ்சிருக்கு!" நல்ல நெய்க்கு அதுதானே அடையாளம். பெருமையோடு துணி சுற்றிக் கட்டிவைத்தேன்.

பட்டறைக்காரர் ஒரு துண்டை எடுத்து விரல்களுக்கிடையில் தேய்த்தார்; அது குழையாமல் மணலாக நெருடியது. அவர் முகம் மாறியது. அக்காவுக்கு எட்டாத வேகத்தில், சிசிலியப் பேச்சில் என்னிடம் சொன்னார்: "ஆரோ இதை உருக்கிக் கெடுத்துப்போட்டினம். உருக்காததைக் கொண்டு வா, பாப்பம்."

"என்னவாம்?" என்றார் அக்கா.

"வேண்டாமாம்" என்றேன்.

ஊரிலிருந்து வந்த வழியில் வெயில் பட்டுத்தான் இப்படியாகியிருக்கும், இன்னும் நன்றாகப் பொதிந்து அனுப்பச் சொல்லியிருக்க வேண்டும் என்று, திரும்பும் வழியெல்லாம் அக்கா தன்னையே குறை சொல்லிக்கொண்டு வந்தார். மறுநாள், கொட்டைகளை வியாபாரிக்கே கொடுத்துவிடச் சொல்லப்போவதாக என்னிடம் சொல்லிவிட்டு, தொலைபேசிக் கூண்டுக்குள் போனார். நான் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றேன். தட்டுவதற்காக இரண்டு தடவை கையை உயர்த்தினேன். உள்ளே அவர் தலையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தார். இரண்டு தடவையும் கை தானாக இறங்கிவிட்டது.

இப்போது கடைகளில் ஷியா கிரீம்கள் வரிசையாக நிற்கின்றன. அந்தத் தட்டுக்கு முன்னால் என்னால் நிற்க முடிவதில்லை. மனைவியை விட்டுவிட்டு வெளியே வந்துவிடுவேன்.

பின்வந்த வருடங்களில் அக்கா தன் வீட்டு விசேஷம் ஒவ்வொன்றுக்கும் என்னை அழைத்தார். "எங்கடை பொம்பிளையளுக்காகப் போய்க் கதைச்ச ஆள் இவன்தான்" என்று தன் ஊராரிடம் சொல்லுவார். அவர்கள் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொள்வார்கள். நான் தலையைக் குனிந்துகொள்வேன். "சரியான கூச்சக்காரன்" என்று அக்கா அவர்களுக்குச் சொல்லிச் சிரிப்பார்.