பீரோவுக்குள் போன வைஃபை

நெல்லித்தோப்பில் ஒரு மாடியில் நானும் அக்காவும் ஆறு பெண்களை வைத்து ஓர் ஆபீஸ் நடத்துகிறோம். ஆஸ்பத்திரி நோயாளிகளின் பழைய கேஸ் ஷீட்டுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவதுதான் வேலை. எங்களுக்கு வேலை கொடுப்பது ஒரே ஆஸ்பத்திரி. அது திடீரென்று, நோயாளி விவரம் வெளியே கசியாமல் இருக்க ஃபயர்வால் வையுங்கள், எங்கள் ஆள் வந்து சோதிப்பார், தேறாவிட்டால் வேலையை வேறு இடத்துக்குக் கொடுத்துவிடுவோம் என்றது. எனக்கு ஆறு பேர் சம்பளம்தான் கண்முன் வந்தது. அக்காவுக்கோ கல்யாணத்துக்குப் பட்டுப்புடவை எடுக்கப் போகிற குஷி.

முதல் கடைக்காரர் ஐம்பது பேர் ஆபீசுக்கான பெரிய ஃபயர்வால் பெட்டியைக் காட்டினார்.

"எட்டு பேருக்குச் சோறாக்க இன்னாத்துக்குங்க கல்யாண அண்டா?" என்று கேட்டுவிட்டு அக்கா இறங்கி நடந்தாள்.

அடுத்த கடையில் நாலு ஆன்டெனாவோடு ஒரு குட்டிப் பெட்டி. ஃபயர்வாலும் வைஃபையும் ஒன்றாகவே இருக்கும், தனித்தனியாக வாங்க வேண்டாம் என்றார்கள். அக்கா விடுவாளா? எல்லாக் காவலையும் போட்டால் ஸ்பீடு குறையுமா, வருஷா வருஷம் லைசென்ஸ் புதுப்பிக்கணுமா, வருகிறவர் போகிறவருக்குத் தனி லைன் உண்டா என்று மாப்பிள்ளை வீட்டை விசாரிப்பது போல விசாரித்தாள். கடைக்காரர் இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தார். "கொஞ்சம் குறையும், புதுப்பிக்கணும், உண்டு" என்று உள்ளதைச் சொன்னதால் அவரிடமே வாங்கினோம். அவரே ஆள் அனுப்பி மேஜைமேல் மாட்டிக் கொடுத்தார். வைஃபை பறந்தது, நாங்களும்தான்.

சோதனை நாளன்று பார்த்து தவளக்குப்பத்தில் அக்காவின் நாத்தனார் மகளுக்குக் கல்யாணம். "காலைல ஆபீசுல வௌக்கேத்திட்டுப் போறேன்டி. முகூர்த்தம் முடிஞ்சதும் வந்துடறேன்" என்றாள். ஆஸ்பத்திரிக்காரர் சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்து நின்றார். நாங்கள் அப்போதுதான் கூட்டிப் பெருக்கிக்கொண்டிருந்தோம், ஒரு கம்ப்யூட்டரைக்கூடப் போடவில்லை.

அவர் லேப்டாப்பைத் திறந்தார். "உங்க வைஃபையே காணோமேம்மா?"

மேஜையைப் பார்த்தேன். பெட்டி இல்லை. ஐயோ, களவு போய்விட்டதா! ஒரு பெண் வயரைப் பிடித்துக்கொண்டே போனாள். அது சுவரோரமாக ஓடி, இரும்பு பீரோவின் பின்பக்கத் துருப்பிடித்த ஓட்டைக்குள் நுழைந்திருந்தது. பீரோ பூட்டியிருந்தது.

அக்காவுக்குப் போன் போட்டேன். பின்னால் மேளம் கொட்டியது.

"வெல ஒசந்த சாமான், அதுவும் செக்யூரிட்டி சாமான், யாராவது வெளிய வெப்பாங்களாடி? பீரோல வெச்சுப் பூட்டிட்டேன்."

"இரும்பத் தாண்டி சிக்னல் வரலக்கா! சாவி எங்க?"

"இடுப்புல!"

எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தது. ஆறு பேர் பிழைப்பு அவள் இடுப்பில் தொங்குகிறது! அவரிடம் உண்மையைச் சொன்னேன். மனுஷர் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். "நான் பாத்ததுலயே இதான்மா கெட்டியான ஃபயர்வால். உள்ள இருக்கவங்களையும் சேத்து தடுக்குது."

பட்டுப்புடவையும் மல்லிகைப் பூவுமாக அக்கா ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள். விரலில் பந்திச் சோறு காயவில்லை. பீரோவைத் திறந்ததும் வைஃபை வந்துவிட்டது. அவர் விருந்தாளி லைனில் புகுந்து நோயாளி விவரத்தை எடுக்கப் பார்த்தார், முடியவில்லை. தெருவில் நின்று பார்த்தார், அங்கேயும் முடியவில்லை. மேலே வந்து, "தேறிட்டீங்கம்மா. இந்த லைன்லயே மெயில் போட்டுடறேன்" என்றார்.

நாங்கள் போட்ட கூச்சலில் கீழ்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். அக்கா ஒவ்வொருத்தியாகக் கட்டிப்பிடித்து அழுதாள், சிரித்தாள். "பாயசம் போடறதுக்குள்ள போவணும்டி!" என்றபடி பீரோவைப் படாரென்று சாத்தி, பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு படியிறங்கினாள். ஸ்கூட்டி கிளம்பும் சத்தம் கேட்டது.

எல்லோரும் அவர் லேப்டாப்பையே பார்த்தோம்.

"சார்... மெயிலு?"

அவர் திரையை உற்றுப் பார்த்தார்.

"போயிடுச்சும்மா" என்றார். "மெயில் போச்சு, அப்புறம்தான் வைஃபை போச்சு."