மாமா கண்ட விமானம்

மாலை நான்கு பத்துக்கு மாமா வானத்தைப் பார்த்தார். எல்லாம் அதிலிருந்துதான் கெட்டது.

அப்பா சுங்கச்சாவடியில் குமாஸ்தா. அதனால் பொம்மையார்பாளையத்தில், கடலுக்கு எதிரில் குடியிருந்தோம். ஜப்பான்காரன் எந்த நேரமும் குண்டு போடுவான் என்று ஊரெல்லாம் பேச்சாக இருந்த வருஷம் அது. அம்மாவின் தம்பியான மாமா, விழுப்புரத்தில் ஏ.ஆர்.பி. என்கிற விமானத் தாக்குதல் தற்காப்பு வகுப்புக்குப் போய், எதிரி விமானங்களின் படங்களை மனப்பாடம் செய்துகொண்டு, கழுத்தில் ஊதலோடு வந்து இறங்கியிருந்தார். வந்த வேகத்தில் எங்கள் சவுக்குத் தோப்பில் பதுங்குகுழி ஒன்றும் வெட்டிவிட்டார்.

அன்றைக்கு அக்காவைப் பெண் பார்க்கத் திண்டிவனத்திலிருந்து வருவதாக ஏற்பாடு. ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. இதாவது அமைய வேண்டுமென்று அம்மா மயிலம் முருகனுக்கு மொட்டை வேண்டிக்கொண்டிருந்தாள். என் தலையை.

கடலுக்கு மேலே, நல்ல உயரத்தில், கறுப்பாக ஒன்று இறக்கையை அசைக்காமல் நின்றது. வால் கத்தரிக்கோல் மாதிரி பிளந்திருந்தது.

"ரெட்ட வாலு! அவனேதான்! ஜல்தியா குழியில எறங்குங்க!"

ஊதல் அலறியது. பட்டுப்புடவையோடு அக்கா, கேசரிப் பாத்திரத்தோடு அம்மா, செருப்பைத் தேடிக்கொண்டே அப்பா, கடைசியாக மாமா. நான் மட்டும் மணலில் நின்று வேடிக்கை பார்த்தேன்.

அது சரேலென்று இறங்கியது. மீனோடு போய்க்கொண்டிருந்த ஓர் ஆலாக் குருவியைத் துரத்தி, மீனைக் கீழே போடவைத்து, விழுமுன் கவ்வி விழுங்கியது.

"மாமா, ஏரோப்ளேன் மீன் துன்னுது!"

"மூக்க கீழ வச்சிக்கினு எறங்குச்சா?" என்றார் மாமா குழிக்குள்ளிருந்து.

"ஆமா மாமா."

"அப்ப குண்டுதான்! தலைய குனிஞ்சிக்குங்க!"

"ஐயோ, புள்ள மேல நிக்கிறான்டா!"

அம்மா கேசரியை மாமா மடியில் கவிழ்த்துவிட்டு வெளியே பாய்ந்தாள். என்னை மணலில் தள்ளி மேலே கவிழ்ந்துகொண்டாள். "பறவைம்மா, வெறும் பறவைம்மா" என்று மணலைத் துப்பிக்கொண்டே கத்தினேன். அவளும் ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். பறவை என்று தெரிந்த பிறகும் விடவில்லை. ஏன் என்று எனக்கு அப்போது விளங்கவேயில்லை. போன வாரம் முழங்கால் தண்ணீரில் என் மகள் சறுக்கி விழுந்து, சிரித்துக்கொண்டே எழுந்தாள். வீடு வரும்வரை அவள் கையை நான் விடவில்லை.

வண்டி வந்த சத்தம் எங்களில் யாருக்கும் கேட்கவில்லை. திண்டிவனத்துக்காரர்கள் தோப்பில் வந்து நின்றிருந்தார்கள். குழிக்கு மேலே அக்காவின் பூச்சூடிய தலை மட்டும் தெரிந்தது. பிற்பாடு அவளுக்கு மாமியாரான அம்மாள் அந்தத் தலையைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார்.

"பொண்ண அப்பறமா பாத்துக்கலாம். மொதல்ல புள்ளய வுடும்மா, மூச்சு முட்டிக்கப் போவுது."