ஒரே எண்ணில் இரண்டு பையன்கள்

என் அக்கா டோரீனைக் கட்டியவர் என்ற ஒரே காரணத்துக்காக வெர்ன் கிட்ரெட்ஜை இத்தனை வருஷம் பொறுத்துக்கொண்டிருக்கிறேன். அயோவாவில் எங்கள் ஊர்க் கல்லூரியின் கால்பந்துக் கோச் அவர். காலுக்கு அதிகம் வேலையில்லாத, பந்தை அணைத்துக்கொண்டு ஓடுகிறவனை மற்றவர்கள் கட்டிப்பிடித்துச் சாய்க்கிற எங்கள் நாட்டுக் கால்பந்து. படிக்கிற காலத்தில் அவர் ஆடியதைவிடப் பெஞ்சைத் தேய்த்ததுதான் அதிகம். பிறகு ஊர் ஊராகப் பல கோச்சுகளுக்கு எடுபிடியாக இருந்துவிட்டு இங்கே வந்து ஒட்டிக்கொண்டார்.

வந்த நாளிலிருந்து தோல்விதான். ஆனாலும் அவரை யாரும் அசைக்கவில்லை. எங்கள் கல்லூரியில் ஆட்டக்காரனுக்கென்று சலுகை எதுவும் கிடையாது. அணியில் சேருகிற ஒவ்வொருவனும் முழுக் கட்டணம் கட்டிப் படிக்க வருகிறவன். ஆள் பிடிப்பதில் வெர்ன் எமகாதகர். பண்ணை வீட்டுச் சமையலறையில் சட்டமாக உட்கார்ந்து, ஆப்பிள் கேக்கை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டு, பையனின் தோளைத் தட்டி, தாயைக் கண்கலங்க வைத்துவிட்டு எழுந்து வருவார். வகுப்பறை நிறைந்தால் போதும் என்றிருக்கும் கல்லூரித் தலைவர், எத்தனை ஆட்டத்தில் தோற்றோம் என்றா கேட்கப் போகிறார்?

பதினொருவர் ஆடும் ஆட்டத்துக்கு நூற்று நாற்பது பேர். சட்டையில் போடுகிற எண்ணோ தொண்ணூற்றொன்பதோடு முடிந்துவிடும். அதனால் ஒரே எண்ணை இரண்டு பையன்களுக்குக் கொடுத்துவிடுவார். இருவரும் ஒரே நேரத்தில் களத்தில் நிற்காதவரை விதி அதற்கு இடம் கொடுக்கிறது. பாதிப் பேரைக் களத்தில் இறக்கப்போவதே இல்லை என்பதால் அவருக்கு அதில் கவலை இருந்ததில்லை.

நீல் ஹாப்ட் அந்தப் பாதியில் ஒருவன். பன்றிப் பண்ணை வைத்திருக்கிறவர்களின் பிள்ளை. அவன் எண் நாற்பத்தேழு. நாலு வருஷமும் பயிற்சிக்கு முதல் ஆளாக வந்து, மற்றவர்களிடம் இடி வாங்கினான். சனிக்கிழமை ஆட்டத்துக்குப் போட்டுக்கொண்டு வந்த சட்டை அழுக்குப்படாமல் திரும்பிப் போகும். கடைசி வருஷப் பையன்களுக்கு, உள்ளூரில் நடக்கும் கடைசி ஆட்டத்தன்று மரியாதை செய்வது எங்கள் வழக்கம். தாய்மார்கள் மகனின் எண் போட்ட சட்டையை அணிந்து, கையில் பூவோடு, மகனுடன் களத்தின் நடுவரை நடப்பார்கள். அன்றைக்காவது நீலை ஒரு தடவை இறக்கிவிடுவதாக அவன் தாய் லோர்னாவிடம் வெர்ன் சத்தியம் செய்திருந்தார். அதை நம்பி அவள் சொந்தபந்தம் எல்லாரையும் திரட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

எல்லைக்கோட்டருகே தூரம் அளக்கிற சங்கிலியைப் பிடித்துக்கொண்டு நிற்பது என் வேலை. ஆட்டம் முடியும் தறுவாயிலும் நீல் பெஞ்சில்தான் இருந்தான். எங்கள் அணி மீள முடியாத தோல்வியில் கிடந்தது. அந்தத் தாய் உட்கார்ந்திருந்த பக்கம் திரும்ப எனக்கே கூச்சமாக இருந்தது.

"மச்சான், அந்த ஹாப்ட் பையனை இறக்கி விடுங்க. இதுக்கு மேல தோக்க என்ன இருக்கு?" என்றேன்.

வெர்னுக்கு அப்போதுதான் உறைத்தது. கண்ணில் பட்ட எவனையோ வெளியே கூப்பிட்டு, நீலை உள்ளே தள்ளினார். ஜாரெட் என்ற இரண்டாம் வருஷப் பையன், இன்னொரு நாற்பத்தேழு, ஏற்கெனவே உள்ளே நின்றுகொண்டிருந்தான். வெர்ன் அதைக் கவனிக்கவே இல்லை.

நீல் இரண்டு தடியன்களுக்கு நடுவே புகுந்தான். பந்தோடு வந்தவனை இடுப்பில் பிடித்து, அவன் கிளம்பிய இடத்துக்கும் பின்னால் கொண்டுபோய்ச் சாய்த்தான். லோர்னா எழுந்து நின்று மகன் பெயரைச் சொல்லிக் கத்தினாள். அதற்குள், விதிமீறல் என்று நடுவர் வீசிய மஞ்சள் துணி புல்லில் கிடந்தது. ஒரே எண்ணில் இருவர் ஆடியதால் இது செல்லாது, மறுபடி ஆட வேண்டும் என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். அவன் நாலு வருஷம் காத்திருந்து செய்தது நடக்கவே இல்லை என்று ஆகிவிட்டது.

இருவரில் ஒருவன் வெளியே வர வேண்டும். வெர்ன் கைகாட்டிக் கூப்பிட்டது நீலை.

"ஜாரெட்டை எடுங்க மச்சான். இவன் இன்னொரு தடவை ஆடட்டும்."

"ஜாரெட் கோவிச்சுக்கிட்டு வேற காலேஜுக்குப் போயிட்டா யார் பதில் சொல்றது, மாப்ளே? இவனுக்குப் படிப்பு முடியப்போவுது. அடுத்த வருஷம் வரவா போறான்?" என்றார்.

இந்த மனுஷனுக்கு அக்கா இத்தனை வருஷம் சோறு போட்டிருக்கிறாளே என்று வயிறெரிந்தது. நீல் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்து, பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தான்.

ஆட்டம் முடிந்ததும் லோர்னா படியிறங்கி நேராக எங்களிடம் வந்தாள். வெர்ன் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு கையை நீட்டினார்.

"தங்கமான பையன்மா. என் சொந்தப் பிள்ளை மாதிரி."

அவள் அந்தக் கையைத் தொடவில்லை.

"அவன் பேர் என்ன, கோச்?"

வெர்னின் சிரிப்பு பாதியில் நின்றது. பெஞ்சைப் பார்த்தார், அவள் சட்டையில் இருந்த எண்ணைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நான் சங்கிலியைச் சுருட்டுவதில் மும்முரமாகிவிட்டேன்.

"அவசரமே இல்ல," என்றாள் லோர்னா. "யோசிச்சுச் சொல்லுங்க. நான் இங்கேயே நிக்கிறேன்."